நூறு வருஷமாக நம்ம ஊரில் கேட்கப்பட்ட கேள்விகள்



கையில் நோட்டோ டேப்லெட்டோ வைத்துக்கொண்டு யாராவது நம்ம வாசலில் வந்து நின்றால், நமக்கு முதலில் வருகிற சந்தேகம் "லோன் விஷயமா, ரேஷன் விஷயமா?" என்பதுதான். ரெண்டும் இல்லை, ஆராய்ச்சிக்காகக் கேட்கிறோம் என்று அந்தப் பிள்ளைகள் சொன்னால், "எங்களைக் கேட்டு என்ன ஆவப்போவுது தம்பி" என்று ஒரு சிரிப்பு சிரித்து, பாதிப் பதிலைச் சொல்லி அனுப்பிவிடுகிறோம். மீதிப் பாதியை அவர்களே நிரப்பிக்கொள்கிறார்கள்.

மலர்க்குழுவினர் என்னை வரலாறு எழுதச் சொன்னபோது, கூட்டமைப்பின் வரவு செலவையும் தலைவிகள் பட்டியலையும்தான் எதிர்பார்த்திருப்பார்கள். அது ஆண்டறிக்கையிலேயே இருக்கிறது. நான் எழுத நினைத்தது வேறு. நம்ம டெல்டா கிராமங்களை இந்தியாவிலேயே அதிகமாக ஆராய்ச்சி செய்யப்பட்ட கிராமங்களில் சேர்க்கலாம். யார் வந்தார்கள், என்ன கேட்டார்கள், பொம்பளைகளிடம் எப்போது கேட்டார்கள் என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. என் மகள் திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. படித்தபோது இந்தப் புத்தகங்களை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். எல்லாம் இங்கிலீஷ். அவள் படித்துச் சொல்ல, நான் அடுப்படியில் இருந்தபடியே கேட்டு, குழு நோட்டின் பின்பக்கத்தில் குறித்துவைத்தேன். அந்தக் குறிப்புதான் இது.

முதலில் பாலக்குறிச்சி. நம்ம மாவட்டத்து ஊர். 1915-ல் கில்பர்ட் ஸ்லேட்டர் என்ற ஆங்கிலேயர் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு முதல் இந்தியப் பொருளாதாரப் பேராசிரியராக வந்தார். இந்த நாட்டுப் பொருளாதாரம் கிராமத்தில்தான் இருக்கிறது, அதைப் பார்க்காமல் வகுப்பில் உட்கார்ந்து பேசி என்ன பிரயோஜனம் என்பது அவர் எண்ணம். கேள்விப் பட்டியல் ஒன்று தயாரித்து மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பினார். எத்தனை வீடு, எந்தெந்த சாதி, யாருக்கு எவ்வளவு நிலம், குத்தகை எவ்வளவு, கூலி எவ்வளவு, கடன் எவ்வளவு என்று எழுதி வரச் சொன்னார். தென்னாற்காட்டு இருவேல்பட்டு, வடாற்காட்டு தூசி, திருநெல்வேலிப் பக்கம் கங்கைகொண்டான், இவற்றோடு அன்றைய தஞ்சாவூர் ஜில்லாவுக்குப் பாலக்குறிச்சி. 1918-ல் எல்லாம் சேர்ந்து புத்தகமாக வந்தது.

அந்தக் காலத்தில் கல்லூரி மாணவர் என்றாலே பெரும்பாலும் ஆம்பளைப் பிள்ளைகள்தான். சென்னையில் பெண்களுக்கென்று ராணி மேரி கல்லூரி ஆரம்பித்ததே 1914-ல்தான். அப்புறம் எங்கே நடவு வயலில் இறங்கிப் பொம்பளையிடம் போய்க் கேட்பது? கேள்வியெல்லாம் நிலம் வைத்திருந்தவரிடமும் கணக்குப் பிள்ளையிடமும்தான் போயிருக்கும்.

ஆனால் ஸ்லேட்டர் செய்தது ஒரு நல்ல காரியம். ஊரின் உண்மைப் பெயரைப் போட்டுவிட்டார். அதனால் பின்னால் வந்தவர்கள் அதே ஊருக்குத் திரும்பிப் போக முடிந்தது. 1930-களில் உலகம் முழுக்க விலை வீழ்ச்சி வந்து நெல் விலை அடிபட்டது. அந்தச் சமயத்தில் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் அதே கிராமங்களை மறுபடி ஆராய்ந்து 1940-ல் வெளியிட்டார்கள். 1983-ல் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் சார்பில் எஸ். குகன் பாலக்குறிச்சியைத் திரும்பப் பார்த்து எழுதினார். அதற்கப்புறமும் ஆராய்ச்சி நின்றுவிடவில்லை. பாலக்குறிச்சியையும் வெண்மணியையும் சேர்த்து மதுரா சுவாமிநாதன், வி. சுர்ஜித், வி.கே. ராமச்சந்திரன் மூவரும் தொகுத்த புத்தகம் 2023-ல் வந்தது.

ஒரே ஊரை எதற்கு இத்தனை தடவை? அங்கன்வாடியில் குழந்தையை ஒரு தடவை எடை போட்டால் எட்டு கிலோ என்று தெரியும். அது நல்லதா கெட்டதா என்று தெரியாது. மாசா மாசம் போட்டு அட்டையில் கோடு இழுத்தால்தான் பிள்ளை தேறுதா இளைக்குதா என்று புரியும். கிராமத்துக்கும் அப்படித்தான்.

பாலக்குறிச்சிக் கோடு சொல்வதை நம்ம வீட்டுப் பெரியவர்களும் சொல்வார்கள். அன்றைக்கு மிராசுதார், குத்தகைக்காரர், பண்ணையாள் என்ற அடுக்கு. பண்ணையாள் என்றால் புருஷன் மட்டும் இல்லை. பெண்டாட்டி, பிள்ளைகள், மாடு மேய்க்கிற பொடியன் உள்பட குடும்பமே ஒரு பண்ணைக்கு. கூலி நெல்லாகத்தான். ஆணுக்கு ஒரு அளவு, பெண்ணுக்கு அதைவிடக் குறைந்த அளவு. 1952-ல் தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சும்மா வரவில்லை, விவசாயத் தொழிலாளர் சங்கம் கட்டிப் போராடித்தான் வந்தது. 1960-களில் புது ரக நெல், உரம், பம்புசெட், ஆடுதுறையிலிருந்து ஏ.டி.டி. 27 வந்து குறுவை பரவியது. இப்போது அறுவடை இயந்திரம் வந்து, நெல் வேலையில் கூலி நாள் சுருங்கிப்போனதை அந்த 2023 புத்தகம் பதிவு செய்கிறது. பத்துப் பேர் கூடி ஒரு நாள் முழுக்க அறுத்த வயலை மெஷின் காபி குடிக்கிற நேரத்தில் முடித்துவிடுகிறது. அப்போது வீட்டுக்குப் போகச் சொல்லப்பட்டது யார் என்று நமக்குச் சொல்லத் தேவையில்லை. 2006 பிப்ரவரியில் நூறு நாள் வேலை முதலில் தொடங்கிய 200 மாவட்டங்களில் நம்ம நாகையும் ஒன்று. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்று பெண்கள் ஏன் அப்படித் திரண்டார்கள் என்பதற்கு இந்த நூறு வருஷக் கோடுதான் பதில்.

வெண்மணியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1968 டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும்தான். மைதிலி சிவராமன் என்ற பெண் அங்கே போய், உயிரோடிருந்த மக்களிடம் பேசி எழுதினார். அவர் எழுத்து இல்லாவிட்டால் அது நெல் கூலித் தகராறு என்ற ஒற்றை வரியாகப் போயிருக்கலாம். அதே மைதிலி பிற்காலத்தில் தன் பாட்டி சுப்புலட்சுமியின் நாட்குறிப்புகளை வைத்து ஒரு புத்தகம் எழுதினார். வீட்டுக்குள்ளேயே வாழ்ந்த ஒரு பொம்பளை எழுதிவைத்த துண்டுத் தாள்களும் வரலாறு என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. இது எனக்கு ரொம்பப் பிடித்த செய்தி.

நடுவில் இரண்டு பேர் வந்தார்கள், இரண்டு பேரும் பெரிய பெயர். காத்லீன் கஃப் இங்கிலாந்துப் பெண்மணி. 1951-53-ல் தஞ்சைப் பகுதியில் தங்கி இரண்டு கிராமங்களைப் பார்த்தார். ஒன்று தஞ்சாவூர்ப் பக்கம், அதற்கு அவர் வைத்த பெயர் கும்பபேட்டை. இன்னொன்று நம்ம நாகப்பட்டினம் வட்டாரத்தில், அதற்குக் கிரிப்பூர் என்று பெயர் வைத்தார். இரண்டும் புனைபெயர். ஊர்க்காரர்களுக்குச் சங்கடம் வரக்கூடாது என்று இப்படி மாற்றுவது ஆராய்ச்சிக்காரர்கள் வழக்கம். 1976-ல் மறுபடி வந்து பார்த்தார். பசுமைப் புரட்சி வந்தும் கூலிக்காரர் வாழ்க்கை உயரவில்லை என்பதுதான் அவர் கண்ட முடிவு.

இன்னொருவர் ஆந்த்ரே பெத்தேய். 1961-62-ல் திருவையாற்றுப் பக்கம் ஒரு கிராமத்தில் இருந்து, அதற்கு ஸ்ரீபுரம் என்று பெயர் கொடுத்து, சாதி, வர்க்கம், அதிகாரம் மூன்றும் எப்படிப் பிரிந்து போகின்றன என்று எழுதினார். முன்னே சாதியில் மேலே இருந்தவரிடமே நிலமும் இருந்தது, ஊர் அதிகாரமும் இருந்தது. இப்போது நிலம் ஒருவரிடம், பஞ்சாயத்துப் பதவி இன்னொருவரிடம் என்று கலைகிறது என்றார். 1965-ல் வந்த அந்தப் புத்தகம் இன்றும் பாடம். ஆனால் அவர் தங்கியது அக்ரகாரத்தில். அதனால் மற்றத் தெருக்களுக்குள், முக்கியமாகச் சேரிக்குள், தான் சுலபமாகப் புழங்க முடியவில்லை என்று அவரே எழுதியிருக்கிறார். ஒளிக்காமல் சொன்னது பெரிய மனசுதான். ஆனாலும் பாருங்கள், எந்தத் திண்ணையில் உட்கார்கிறோமோ அந்தத் திண்ணையிலிருந்து தெரிகிற ஊர்தான் புத்தகத்துக்குள் போகிறது. நம்ம கூட்டமைப்புக்கு வருகிற அதிகாரிகளும் தலைவி வீட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டுப் போய்விட்டால், கடைசித் தெருக் குழுவின் நிலவரம் அறிக்கையில் எப்படி ஏறும்?

பொம்பளையை நேராகக் கேட்ட ஆராய்ச்சி என்றால் ஜோன் மென்ஷரும் கே. சாரதாமணியும் செய்தது. தமிழ்நாடு, கேரளம், மேற்கு வங்கம் மூன்று மாநிலத்து நெல் வயல்களில் கூலி வேலை செய்கிற பெண்களைப் பற்றியது. சேற்றுக் கால், அழுக்குக் கை என்ற பொருளில் தலைப்பு வைத்து 1982-ல் கட்டுரை வெளியிட்டார்கள். நடவும் களையும் பெண் வேலை, அது இல்லாமல் நெல் இல்லை, ஆனால் கணக்கில் அவள் "உதவி" என்று இருக்கிறாள் என்று காட்டினார்கள். மென்ஷர் இன்னொன்றும் சொன்னார். பெண் தன் கூலியில் ஏறக்குறைய எல்லாவற்றையும் வீட்டுக்குக் கொடுக்கிறாள். ஆண் தன் கூலியில் ஒரு பங்கைத் தனக்கென்று வைத்துக்கொண்டு மீதியைக் கொடுக்கிறான். இதை என் மகள் படித்துச் சொன்னபோது பக்கத்தில் இருந்த எங்கள் அத்தை, "இதுக்கு அமெரிக்காவுலேருந்து ஒரு அம்மா வரணுமாடி?" என்றார். வரணும் அத்தை. நாம சொன்னா அது புலம்பல். எண்ணிக்கையோட எழுதினா அது ஆதாரம்.

அந்த எண்ணிக்கை வர நாள் ஆனது. 1998-99-ல் தமிழ்நாடு உள்பட ஆறு மாநிலங்களில் அரசாங்கம் சோதனையாக நேரக் கணக்கு எடுத்தது. நாடு முழுவதும் எடுத்தது 2019-ல்தான். சமையல், துணி, தண்ணீர் என்று சம்பளம் இல்லாத வீட்டு வேலைக்கு, அதைச் செய்கிற பெண் அந்த 2019 கணக்கின்படி ஒரு நாளில் சராசரியாக 299 நிமிஷம் கொடுத்தாள். செய்கிற ஆண் 97 நிமிஷம். 2023 செப்டம்பர் 15 முதல் வருகிற மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய், இந்தக் கூலியில்லா உழைப்புக்கான அங்கீகாரம் என்று சொல்லித்தான் கொடுக்கப்படுகிறது. விண்ணப்பத்தில் "குடும்பத் தலைவி" என்று போட்டபோது எங்கள் தெருவில் பாதிப் பேருக்குச் சிரிப்பு வந்தது. "நானா தலைவி?" என்று.

படிப்பு விஷயத்துக்கு வருவோம். 1990-களின் அறிவொளி இயக்கம் உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். ராத்திரி அரிக்கேன் விளக்கில் "பட்டா", "படி" என்று எழுத்துக் கூட்டியவர்கள் நாம். புதுக்கோட்டையில் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டது அந்த இயக்கத்தில்தான். பின்னர் அந்த மாவட்டத்தில் தங்கி, பிரான்சிஸ் கோடி என்பவர் அறிவொளியைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார், 2013-ல் வந்தது. கைநாட்டு வைத்தவர்கள் கையெழுத்துப் போட்டு, கலெக்டரிடம் மனு கொண்டுபோகும்போது என்ன மாறுகிறது, என்ன மாறவில்லை என்று பார்த்தார். கையெழுத்து வந்ததுமே எல்லாம் வந்துவிடாது என்பது நமக்கும் தெரியும். 2001-ல் எங்கள் குழு ஆரம்பித்தபோது பன்னிரண்டு பேரில் ஏழு பேர் கைநாட்டு. ஆறு மாதத்தில் எல்லோரும் கையெழுத்துக்கு வந்துவிட்டார்கள். ஆனால் தீர்மான நோட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டுக் கையெழுத்துப் போட இன்னும் ஆறு வருஷம் ஆனது.

சுனாமியைச் சொல்லாமல் நாகையில் எந்த வரலாறும் இல்லை. 2004 டிசம்பர் 26. நம்ம மாவட்டத்தில் 6,065 பேர். இதில் ஆண்கள் 1,883, பெண்கள் 2,406, குழந்தைகள் 1,776. ஏன் பெண்கள் அதிகம் என்று ஆக்ஸ்பாம் அமைப்பு 2005-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. ஆண்கள் ஆழ்கடலில் இருந்தார்கள், அங்கே அலை தெரியவில்லை. பெண்கள் மீன் வாங்கி விற்கக் கரையில் காத்திருந்தார்கள், அல்லது பிள்ளைகளோடு வீட்டில் இருந்தார்கள். நீச்சல் தெரியாது, மரம் ஏறத் தெரியாது, புடவை, இடுப்பில் குழந்தை. அறிக்கையில் இதெல்லாம் சில வரிகள்தான். ஆனால் அதுவரை "இத்தனை பேர் இறந்தனர்" என்று மட்டும் இருந்ததை ஆண், பெண் என்று பிரித்து எழுதியதால்தான் அந்தக் கேள்வியே பிறந்தது.

நிவாரணம் வந்த வழியையும் ஆராய்ந்தவர்கள் உண்டு. டேனியல் ஆல்ட்ரிச் என்பவர் 2012-ல் எழுதிய புத்தகத்தில் நம்ம கடற்கரை ஊர்களும் இருக்கின்றன. பலமான ஊர்ப் பஞ்சாயத்து உள்ள கிராமத்துக்கு உதவி சீக்கிரம் வந்தது, வெளியாட்களிடம் பேச ஆள் இருந்தது. அதே பஞ்சாயத்தின் பட்டியலில் இடமில்லாத விதவைகள், தலித்துகள், வெளியூரிலிருந்து வந்து குடியிருந்தவர்கள் ஒதுங்கி நின்றார்கள். ஒற்றுமை ஒரே நேரத்தில் நல்லதும் செய்தது, வெளியே நிறுத்தவும் செய்தது. படகுக்கும் வலைக்கும் கணக்கு இருந்தது. தலையில் கூடை சுமந்து மீன் விற்றவளுக்குக் கூடைதான் முதல், அதற்கு ஏது ஆர்.சி. புக்கு?

இதை நான் மீனவர் பஞ்சாயத்தை மட்டும் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தபோது, எங்கள் ஊரில் சாகுபடி செய்த ஒரு சகோதரியின் பெயர் பட்டியலில் இல்லை. புருஷன் போய்ப் பல வருஷம். பட்டா மாமனார் பெயரில், அவரும் இல்லை. நிலத்தில் நாற்று விட்டவள், நட்டவள், கடன் கட்டியவள் அவள்தான். கேட்டால் "விவசாயி யாரு?" என்கிறார்கள். நூறு வருஷத்துக்கு முன்னால் அந்தக் கேள்விப் பட்டியலில் இருந்த அதே கேள்விதான்.

கிராம சபைக்கு வருவோம், ஏனென்றால் இது நேராக நம்மைப் பற்றியது. ரம்யா பார்த்தசாரதி, விஜயேந்திர ராவ், நேத்ரா பழனிசாமி மூவரும் தமிழ்நாட்டுக் கிராம சபைகளில் பேசியதை அப்படியே பதிவு செய்து, வார்த்தை வார்த்தையாக எண்ணி 2019-ல் கட்டுரை வெளியிட்டார்கள். பெண்கள் பேசுவது குறைவு, பெண்கள் எடுத்த பேச்சை மற்றவர்கள் தொடர்வது குறைவு, அதிகாரி சம்பந்தப்பட்ட பதிலைச் சொல்வதும் குறைவு. ஆனால் தலைவர் பெண்ணாக இருக்கும் ஊராட்சியில் பெண்களுக்குப் பதில் கிடைப்பது கூடுகிறது. உள்ளாட்சியில் நமக்குப் பாதி இடம் என்று 2016-ல் சட்டம் வந்ததை இதோடு சேர்த்துப் பாருங்கள். மே 1-க்கும் அக்டோபர் 2-க்கும் நாம் கூட்டமாகப் போய்த் தரையில் உட்கார்ந்து, கையெழுத்துப் போட்டு, வீட்டுக்கு வருகிறோமே, அதில் யார் எத்தனை வாக்கியம் பேசினோம் என்று யாரோ எண்ணியிருக்கிறார்கள்.

புது வாழ்வுத் திட்டம் நடந்தபோது அதே விஜயேந்திர ராவ் குழு தமிழ்நாட்டில் இன்னொரு வேலையும் செய்தது. நல்ல வாழ்க்கை என்றால் என்ன, அதை எப்படி அளப்பது என்ற கேள்விகளைச் சுய உதவிக் குழுப் பெண்களையே தயாரிக்கச் சொன்னது. வீடு வீடாகப் போய் டேப்லெட்டில் கேட்டதும் அந்தப் பெண்கள்தான். வந்த விவரத்தைப் படமாக்கி ஊரிலேயே திருப்பிக் காட்டினார்கள். ஸ்லேட்டர் காலத்துக் கேள்வித்தாள் கல்லூரியிலிருந்து வயலுக்கு வந்தது. இது வயலிலிருந்து புறப்பட்டது. என்னைக் கேட்டால், இந்த முழு வரலாற்றிலும் பெரிய மாற்றம் இதுதான். இதைப் பற்றி நம்மில் அதிகம் பேருக்குத் தெரியாமல் போனதுதான் வருத்தம்.

கடனைப் பற்றிய ஆராய்ச்சியையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். இசபெல் கெரான் என்ற பிரெஞ்சுப் பெண்மணி, சந்தோஷ் குமார், வெங்கடசுப்பிரமணியன் இவர்களோடு சேர்ந்து தமிழ்நாட்டில் பல வருஷம் வேலை செய்து 2023-ல் எழுதிய புத்தகம், கடன் வாங்குவது, புரட்டுவது, தவணை தேடுவது எல்லாமே பெண் தலையில் விழுந்த ஒரு வேலை என்கிறது. கடன் திருப்பிச் செலுத்துவதில் நமக்கு நல்ல பெயர் என்று மேடையில் பாராட்டுகிறார்கள். அந்தப் பெயரின் விலை என்ன என்று இவர்கள் கேட்டார்கள். நம்ம மலரில் இது கொஞ்சம் உறுத்தலாக இருக்கலாம். இருக்கட்டும்.

அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2027-ல் என்று அரசாங்கம் அறிவித்திருக்கிறது. அதில் வேலை என்ன என்ற கேள்வி வரும். வருகிறவர் பெரும்பாலும் நம்ம ஊர்ப் பள்ளிக்கூடத்து ஆசிரியராகத்தான் இருப்பார், நமக்குத் தெரிந்தவர், மரியாதையாகத்தான் கேட்பார். புருஷன் திண்ணையில் இருந்தால், "அது வீட்லதான் சார் இருக்கு" என்று அவரே பதில் சொல்லிவிடுவார். அது அப்படியே பதிவாகிவிடும். அந்த நேரத்தில் உள்ளேயிருந்து வெளியே வந்து, நடவுக்குப் போனது இத்தனை நாள், ஆடு மாடு இத்தனை, தையல் இத்தனை மாதம், மீன் வியாபாரம் இத்தனை மாதம் என்று நம்ம வாயால் சொல்ல வேண்டும்.

அதற்காகத்தான் போன கூட்டமைப்புக் கூட்டத்தில், ஒவ்வொரு குழுவும் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, உறுப்பினர் ஒவ்வொருவரும் ஒரு வருஷம் செய்த வேலையை மாத வாரியாக எழுதிவைப்பது என்று தீர்மானம் போட்டோம். எழுதத் தெரியாதவர்கள் சொல்ல, எழுதத் தெரிந்தவர்கள் எழுதலாம். என்னென்ன தலைப்பு போடுவது என்று கேட்டபோது நடவு, களை, அறுப்பு, நூறு நாள், மாடு, தையல், கருவாடு என்று வந்தது. கடைசி வரிசையில் இருந்த ஒரு மூத்த சகோதரி எழுந்து, "மாமியாருக்கு ரெண்டு வருசமா மூத்திரத் துணி மாத்துறேன், அது எந்தக் கட்டத்துல வரும்?" என்று கேட்டார். அதற்கும் ஒரு கட்டம் போட்டிருக்கிறோம்.